கை முதலில், நாக்கு பிறகு

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுப்பினேனா இல்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. எழுப்பவில்லை என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். அன்று அங்கே இருந்த மாமா, அதாவது என் அக்காவின் கணவர், "குடுத்தடா, நான் கேட்டேன்" என்கிறார். இன்னொரு சாட்சி அக்கா. அவளிடம் இனிக் கேட்க முடியாது. மிச்சமிருப்பது ஒரு குதிரை.

பல முறை தொடங்கிப் பார்த்தேன்.

"அக்காவின் நாக்கில் அந்தப் புண் வந்தபோது வெளியே மழை

மழை பெய்ததா என்று தெரியாது. துக்கம் வரும் இடத்துக்கெல்லாம் மழையைத் துணைக்கு அழைத்துப்போவது என் பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.

"குதிரைகள் மனிதர்களைவிட

இதை முடிக்கவே மனம் வரவில்லை. இப்படித் தொடங்குகிறவன் லாயத்தில் ஒரு நாள்கூட லத்தி அள்ளியிருக்க மாட்டான் என்று அக்கா சொல்லியிருப்பாள்.

ஆகவே சத்தத்திலேயே தொடங்குகிறேன். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டி, சட்டென்று கீழே இழுத்தால் வருமே, அது. எழுதிப் பார்த்தேன்: டொக். க்ளக். த்லொக். எதுவும் அதுவாக இல்லை. நமக்கு இருக்கும் எழுத்துகளில் அதற்கு இடமில்லை. அதனால் இந்தக் கதையில் அந்தச் சத்தம் வருகிற இடத்தில் எல்லாம் வெற்று அடைப்புக்குறி போடுகிறேன். இப்படி: (      ). அங்கே வந்ததும் நீங்களே நாக்கை இழுத்துச் சத்தம் கொடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் படிக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு செய்யலாம். ஒரு முறை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள்.

(      )

சரி.

2

அக்கா ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை பார்த்தாள். விடுமுறை நாட்களில் குழந்தைகளும் அலுவலகக்காரர்களும் வந்து சவாரி கற்றுக்கொள்ளும் இடம். சவாரி சொல்லித்தர வேறு ஆட்கள் இருந்தார்கள். அக்காவின் வேலை குதிரைகளோடு: பயந்தது, முரண்டு பிடிப்பது, ஆளைக் கண்டால் மூலைக்குப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டி நிற்பது.

அப்படி வந்ததுதான் சந்தேகம். அது குதிரையின் பெயர். வாங்கியபோது வேறு ஏதோ பெயர் இருந்தது. தண்ணீர் வைத்தால் மோந்து பார்த்து, பின்வாங்கி, மறுபடி மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கும். லாயத்து ஆட்கள் வைத்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. "சந்தேகத்துக்குப் புல்லு போட்டாச்சா?" "சந்தேகம் கால் நொண்டுது, வந்து பாருங்க." புதிதாகக் கேட்கிறவர்கள் திகைத்துப் போவார்கள்.

முன்பு இருந்த இடத்தில் அதை அடக்குவதற்குக் காதைப் பிடித்து முறுக்கியிருக்கிறார்கள். கை காதுப் பக்கம் போனாலே தலையை வானத்துக்குத் தூக்கிவிடும். தலையில் கயிறு மாட்ட முடியாது. கயிறு மாட்ட முடியாத குதிரையை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி என்ன செய்யும்?

அக்கா அதன் கொட்டடிக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு செய்தித்தாள் படித்தாள். நாள் கணக்காக அதுவே வேலை. பள்ளியின் முதலாளி கதவருகே வந்து நின்று பார்ப்பார்.

"ஏம்மா, பேப்பர் படிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறேன்?"

"எனக்கு இல்லைங்க, அவனுக்குத்தான் படிச்சுக் காட்டுறேன். விளையாட்டுப் பக்கம்னா ஆர்வமாக் கேக்குறான்."

"எப்ப எழுந்திரிப்ப?"

"அவன் எழுந்திரின்னு சொல்லணும்."

சந்தேகம் ஒரு நாள் மூலையிலிருந்து திரும்பி வந்து, அவள் தலைக்கு மேலாக மூச்சு விட்டது. (      ). உடனே ஒரு கேரட் துண்டு, அவள் தோளுக்கு மேலே, திரும்பிப் பார்க்காமலே.

சத்தம் எதற்கு, கேரட்டை நேராகக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"கை போய்ச் சேர நேரமாகும்டா. அதுக்குள்ள அவன் தலையை ஆட்டியிருப்பான், காலைத் தட்டியிருப்பான். எதுக்குக் குடுத்தேன்னு குழம்பிப் போயிடுவான். சத்தம் அப்பவே போய்ச் சேந்துடும். இப்ப செஞ்சியே, இதுதான் சரி, வந்து வாங்கிக்கன்னு அர்த்தம். அது ஒரு வாக்கு. சத்தம் குடுத்தா கேரட் குடுத்தே ஆகணும். தப்பான நேரத்துல குடுத்துட்டாலும் குடுக்கணும். தப்பு உன்னோடதுதானே, அவனோடது இல்லையே."

காதை அவள் தொடவே இல்லை. உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கன்னம் கைப்பக்கம் வந்தால் (      ), கேரட். நெற்றி வந்தால் (      ), கேரட். கை நகராது, குதிரைதான் வர வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் போய்விடலாம், கதவு திறந்தே இருக்கும். போய்விட்டுத் திரும்பி வந்தால் அதற்கும் (      ).

ஒரு மதியம் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிற ஆளில்லை.

"காதைக் குடுத்துட்டான்டா," என்றாள்.

அவ்வளவுதான்.

3

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதப் போகிறேன். மருத்துவமனையை விவரமாக எழுதினால் வாசகர் உருகுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதாலேயே செய்யக் கூடாது.)

நாக்கில் ஆறாத புண். சதை எடுத்துச் சோதித்தார்கள். நாக்கின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். பேச்சு ஓரளவு திரும்பும், பழக வேண்டும், மென்று சாப்பிடுவது சிரமம் என்று மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா தலையாட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"இது வருமா டாக்டர்?"

(      )

மருத்துவர் அதை எதிர்பார்க்கவில்லை. தானும் வாய்க்குள் ஒரு முறை செய்து பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், தாடை அசைந்தது. பிறகு, "வராதும்மா" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். சந்தேகத்துக்கு அந்தச் சத்தத்தைத் தவிர உலகத்தில் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. அவளைத் தவிர வேறு யாரும் அதற்குக் கயிறு மாட்டியதில்லை. முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் தொட முடியாத குதிரைக்கு எத்தனை காலம் தீனி போடுவார்? தரகரிடம் திருப்பி அனுப்பிவிடுவார். காதை முறுக்குகிற கைகள் அங்கே காத்திருக்கும்.

"நான் திரும்பி வரும்போது அவன் கண்ணுக்கு யாரோ மாதிரி நிப்பேன்," என்றாள். "மூஞ்சி மாறியிருக்கும். பேச்சு மாறியிருக்கும். சத்தமும் இல்லேன்னா, அவன் எப்படிடா நம்புவான்?"

மறுநாள் மாமா ஒரு பொம்மைக் கடையிலிருந்து தகரத் தவளை ஒன்றை வாங்கி வந்தார். வயிற்றை அமுக்கினால் 'டக்' என்று கத்தும்.

அக்கா அமுக்கிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இது யார் அமுக்கினாலும் கத்தும்."

மாமா தவளையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். உட்காரும்போது அது ஒரு முறை கத்தியது. அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் தேர்ந்தெடுத்த புதுச் சைகை, வலது உள்ளங்கையை நெஞ்சில் வைப்பது. நெஞ்சு என்றதும் நீங்கள் எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். கேரட் இடது பையில் இருக்கும். வலது கை சும்மா இருந்தது. நெஞ்சு குதிரையின் கண்மட்டத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் காரணம். "இதுவரைக்கும் அவன் கேட்டாப் போதும்," என்றாள். "இனிமே என்னைப் பாக்கணும்."

4

ஒரு சைகையை இன்னொன்றுக்கு மாற்ற ஒரே ஒரு விதிதான் உண்டு. புதியது முதலில், பழையது பிறகு. கை நெஞ்சுக்குப் போக வேண்டும், ஒரு நொடி இடைவெளி, அப்புறம் சத்தம், அப்புறம் கேரட். இப்படிப் பல முறை நடந்தால், கை போனதுமே சத்தம் வரப்போகிறது என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். பிறகு சத்தத்தை மெல்ல விட்டுவிடலாம். மாற்றிச் செய்தால் ஒரு பயனும் இல்லை. "பதில் முன்னாடியே கிடைச்சிட்டா எவன்டா கேள்வியைக் கவனிப்பான்?" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா சொல்லுவாள்.

அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவளால் அதைச் செய்ய முடியவில்லை.

சந்தேகம் சரியாக ஒன்றைச் செய்யும். அக்கா கையைத் தூக்குவாள். கை நெஞ்சுக்குப் போவதற்குள் (      ). நாக்கு முந்திக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க அவள் நாக்கு அந்த வேலையைச் செய்துவந்தது. எது சரி என்று அவள் மனதுக்குத் தெரியும் முன்பே நாக்குக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அவள் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது குறுக்கே நின்றது.

கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு செய்து பார்த்தாள். கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து மந்தமாக (      ). மரக்கரண்டியைப் பல்லிடுக்கில் வைத்துப் பார்த்தாள். கரண்டி விழுந்தது. வேலிக்கு வெளியே நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

"வெட்டப் போறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுடா. அதான் இந்த ஆட்டம் ஆடுது."

அப்புறம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. குதிரை கையைப் பார்க்கவே இல்லை.

"நீ வா," என்றாள் கடைசியில். "கை நான் பாத்துக்கறேன். சத்தம் நீ குடு."

"எனக்கு வராதே அக்கா."

"கத்துக்க. நாக்கு முழுசா வெச்சிருக்கல்ல?"

குளியலறையில் பழகினேன். நடக்கும்போது பழகினேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "என்ன சார், என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டார். சாயங்காலம் அக்காவிடம் போய்ச் செய்து காட்டுவேன்.

"அது பல்லி."

இன்னொரு முறை.

"குழாய் சொட்டுது."

இன்னொரு முறை.

"இது பரவால்ல. ஆனா ஏன்டா இழவு வீட்டுல குடுக்கிற மாதிரி குடுக்கிற? அவன் நல்லது செஞ்சிருக்கான்டா. சந்தோஷமாக் குடு."

சந்தோஷமாக. அந்த நாட்களில் என் வாயிலிருந்து சந்தோஷமாக வந்த ஒரே பொருள் அதுதான். ஒரு நாள் என் சத்தத்துக்குச் சந்தேகம் காதைத் திருப்பியது. இரண்டடி வந்து அக்காவிடம் கேரட் கேட்டது. அக்கா என்னைப் பார்க்காமல், "ம்," என்றாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். வட்டமான வேலிக்குள் அக்கா நடுவில். அவளுக்குப் பின்னால், இடது பக்கம், ஒரு கம்பத்தருகே நான்.

கை. (      ). கேரட்.

கை. (      ). கேரட்.

கை. (      ). கேரட்.

சில நாட்கள் கழித்து, கை நெஞ்சுக்குப் போனதுமே, நான் நாக்கை எடுப்பதற்குள், சந்தேகத்தின் இரண்டு காதுகளும் முன்னால் வந்தன. அக்கா திரும்பாமலே சொன்னாள்: "பாத்தியா? இனிமே நீ கொஞ்சம் கொஞ்சமா வாயை மூடிக்கலாம்."

அது கடைசிக் கட்டம். சத்தத்தை ஒரு முறை விட்டு, மறுமுறை கொடுத்து, மெல்ல மெல்ல அழிப்பது. அதற்குள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வேறு யாருக்கோ ஒதுக்கிய நாள் காலியாகியிருக்கிறது, உடனே வந்துவிடுங்கள் என்றார்கள். அந்தக் கட்டத்தை நாங்கள் தொடங்கவே இல்லை.

கிளம்பும்போது சொன்னாள்: "நீ போய் அவனைப் பாத்துக்க. சத்தம் குடு, கேரட் குடு, மறந்திடாம இருக்கட்டும். கையை மட்டும் தொடாத. கை என்னோடது."

அவளுடைய பழைய நாக்கில் அவள் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அது. இல்லை. அது நான் தேர்ந்தெடுத்த வாக்கியம். அதற்குப் பிறகு, சாவி எங்கே, கதவைப் பூட்டினாயா என்றெல்லாம் கேட்டாள்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அறுவைக்கு முந்தைய வாரம் சித்தி பார்க்க வந்தார். நேராக லாயத்துக்கே வந்துவிட்டார். அக்காவைப் பார்த்ததும் கண் கலங்கி, நாம் எல்லோரும் செய்வது போல உச்சுக் கொட்டினார். எங்கோ பார்த்துக்கொண்டிருந்த சந்தேகம் தலையைத் திருப்பி, வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, சித்தியின் கைப்பையை மோந்தது. சித்தி அலறினார். அக்கா ஒரு கேரட் துண்டை அவர் கையில் வைத்தாள். "குடுங்க சித்தி. சத்தம் குடுத்துட்டீங்க, இல்லேன்னா பொய்யாயிடும்." சித்தி அழுதுகொண்டே ஊட்டினார். அன்றிலிருந்து லாயத்தில் யாரும் உச்சுக் கொட்டக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டாள். "அழறவங்க அழுதுக்கங்க. நாக்கை மட்டும் சும்மா வெச்சுக்கங்க." இந்தச் சம்பவத்தைக் கதையின் நடுவில் வைக்கத்தான் ஆசை. மிகவும் அழகாக இருக்கிறது என்பதால் பயந்து இங்கே ஒதுக்கினேன்.

5

மாமாவை நான் சரியாக எழுதவில்லை.

இதுவரை வந்ததைத் திருப்பிப் படித்தால், தலையாட்டுகிறார், தவளை வாங்குகிறார், உட்காருகிறார். ஒரு சோகக் கதையில் கொஞ்சம் சிரிக்க வைப்பதற்காக அவரை அங்கங்கே நிறுத்தியிருக்கிறேன். எழுதுகிற நாங்கள், வீட்டு மாப்பிள்ளைகளுக்கு இந்த அநியாயத்தை அடிக்கடி செய்வோம். அதனால் இதுவரை எழுதியதை அச்செடுத்து அவரிடமே கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் வரி பிடித்துக்கொண்டு படித்தார்.

"தவளையை ஏன்டா எழுதின?"

"எடுத்திடட்டுமா மாமா?"

"வேணாம். இருக்கட்டும்." பக்கத்தைப் புரட்டினார். "ஆஸ்பத்திரியிலேருந்து கார்ல வர்றப்போ நான் பேசினதைக் காணோமே."

"பேசலையே."

"பேசினேன். பின் சீட்டுல நீ தூங்கிட்ட. சத்தம் போனாப் போகுது, நீ இருந்தாப் போதும்னு சொன்னேன். அவ ரொம்ப நேரம் கழிச்சு, எனக்குப் போதாதுன்னா."

நான் தூங்கியதாக எனக்கு நினைவே இல்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள் என்று மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறேனே, அதை யார் பார்த்தது? திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

"அடுத்தது அவ திரும்பி வந்த நாளா?" என்று மாமா கேட்டார்.

"ஆமா."

"சத்தம் குடுத்தேன்னு எழுது. நான் கேட்டேன்."

6

திரும்பி வந்த நாள்.

முகத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கழுத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். எச்சில் வழியும், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். பேசினால் மாமாவுக்கு மட்டும் பாதி புரியும். அவள் மேல் மருந்து வாடை வீசியது. குதிரைகள் முதலில் வாடையைத்தான் நம்பும்.

அவள் இல்லாத காலம் முழுக்க நான் சாயங்காலங்களில் போய் வந்திருந்தேன். சொன்னபடி சத்தமும் கேரட்டும் மட்டும். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகவே இல்லை. நமைச்சல் எடுத்தால்கூடச் சொறியவில்லை. கயிறு மாட்டச் சந்தேகம் என்னை விடவில்லை. முதலாளி தரகருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "அவங்க வந்து ஒரு தடவை பாக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று எனக்காகத் தள்ளிப்போட்டிருந்தார்.

அக்கா வட்ட வேலிக்குள் போனாள். நான் என் வழக்கமான இடத்தில், அவளுக்குப் பின்னால், இடது பக்கம், கம்பத்தருகே. மாமா வேலிக்கு வெளியே.

சந்தேகம் எதிர் ஓரத்தில் நின்றது. அவளைப் பார்த்தது. மூக்குத்துளை விரிந்தது. பின்வாங்கியது, வேலி பின்பக்கத்தில் இடித்ததும் நின்றது. காதுகள் பின்னால் படுத்துவிட்டன.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிடவும் முடியாது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பழையபடி. கையில் செய்தித்தாள் மட்டும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வேலியின் நிழல் அவள் கால்மாட்டிலிருந்து வாளிக்கு வந்திருந்தது. யாரும் அசையவில்லை.

ஒரு குளம்பு மண்ணில் விழும் சத்தம். இன்னொன்று. அக்கா மெல்ல எழுந்து அதன் பக்கம் திரும்பினாள். சந்தேகம் பாதி தூரத்தில் நின்றிருந்தது. தலையைச் சற்றே தாழ்த்தியது. அதுதான் சரி, அந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

அக்கா வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள்.

இரண்டு காதுகளும் முன்னால் வந்தன. ஒரு காலை எடுத்தது. வைக்கவில்லை. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

கை வந்துவிட்டது, மிச்சம் எங்கே என்று கேட்கிற பார்வை. கைக்குப் பின்னால் எப்போதும் வந்ததை அது என்னிடம் கேட்டது. நாங்கள் தொடங்காமல் விட்ட கடைசிக் கட்டம் அங்கே நின்றுகொண்டிருந்தது.

நான் சத்தம் கொடுத்தால் அது வரும். ஆனால் அவளிடம் வந்ததா, என் சத்தத்துக்கு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. கொடுக்காவிட்டால் அது வராமலே போகலாம். அக்காவின் முதுகு எனக்குத் தெரிந்தது. அது என்ன சொல்கிறது என்று பார்த்தேன். முதுகுகள் ஒன்றும் சொல்வதில்லை.

(      )

அது வந்தது. நிற்காமல் நேராக வந்தது. அக்கா இடது கையால் கேரட்டை நீட்டினாள். அதை வாங்கிக்கொள்ளுமுன், சந்தேகம் தலையைச் சாய்த்து, நெஞ்சிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அவள் வலது உள்ளங்கைக்குள் காதைக் கொண்டுவந்து வைத்தது.

7

மேலே இருக்கும் அடைப்புக்குறியை நான்தான் போட்டேன். எழுதும்போது கை தானாகப் போட்டுவிட்டது. கை, சத்தம், கேரட் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டதால் போட்டதா, அன்று நடந்ததால் போட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. திரும்பப் போட்டேன்.

நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்? நாக்கு மேலே போனதா? யோசித்துவிட்டுப் போனதா, யோசிக்கும் முன்பே போனதா?

முடிவுகளை எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் நான் வாயைத் திறக்கவே இல்லை. குதிரை என்னைப் பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை, தானாக முடிவெடுத்து அந்தப் புது முகத்திடம் போனது. அக்காவுக்கு அது தெரியும். மிச்ச நாட்களை அது தெரிந்தே வாழ்ந்தாள். நான் நம்புவது இதை. நம்ப விரும்புவதும் இதையேதான் என்பதால் இதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாமாவுடைய முடிவில் நான் கொடுத்தேன். அவள் கேட்டாள். குதிரை தன்னிடம் வரவில்லை, தம்பியின் நாக்குக்கு வந்தது என்று தெரிந்துகொண்டு, எங்களுக்காகச் சந்தோஷப்பட்டது போல நின்றாள். "அதனாலென்னடா?" என்கிறார் மாமா. "நல்ல சத்தம்தான். உனக்கு அவ்வளவு நல்லா அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. அச்சு அசல் அவ குடுக்கிற மாதிரியே இருந்துச்சு."

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் மூன்றாவது முடிவு வந்தது. அதை எழுதத் தைரியம் இல்லாமல் பல மாதம் தள்ளிப்போட்டேன்.

குதிரை காதைக் கொடுத்த பிறகு அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். அப்போது அவள் இடது கை வாயில் இருந்தது. இது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மாமாவுக்கும் நினைவிருக்கிறது. நாலு விரல்களும் உதட்டின் மேல். அழுகையை அடக்கியிருக்கலாம். எச்சிலை ஒற்றியிருக்கலாம், கைக்குட்டை எடுக்கக் கை ஒழிவில்லை. அல்லது அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று ஒரு நொடி நினைத்திருக்கிறாள்.

அவளிடமே நான் கேட்டிருக்கலாம். அவள் எழுதிக் காட்டுவாள், சைகை செய்வாள், மாமா அர்த்தம் சொல்லுவார். வழி இருந்தது. நாங்கள் இருவரும் அதிகம் பேசாமல் வளர்ந்தவர்கள். ஒரு அறையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்திருப்போம், யாராவது எட்டிப் பார்த்து, "வீட்டுல ஆள் இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் இதுவும் போய்விட்டது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

8

அன்றைக்குப் பிறகு என்னை வேலிக்குள் நிற்க வேண்டாம் என்று அக்கா சைகை காட்டிவிட்டாள். நான் இல்லாமலே சந்தேகம் அவள் கைக்கு வந்தது. எல்லா நாளும் வந்தது. கயிறு மாட்டிக்கொண்டது. முதலாளி தரகரை வர வேண்டாம் என்றார். ஆகவே, முதல் நாள் எப்படி நடந்திருந்தாலும் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மாமாவும் அதைத்தான் கேட்கிறார்.

நோய் திரும்ப வந்தது, இந்த முறை கழுத்தில். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அவள் போன பிறகு ஒரு முறை சந்தேகத்தைப் பார்க்கப் போனேன். அப்போது அது வேறொரு இடத்துக்குப் போயிருந்தது. அக்காவிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் எடுத்துப் போயிருந்தாள். வேலியருகே போய் நின்றேன். பையில் கேரட் இருந்தது. சத்தம் கொடுக்கத்தான் போயிருந்தேன். ஆனால் வாயில் வரவிருந்த சத்தம் அவளுடையதா, நான் குளியலறையில் கற்றுக்கொண்டதா, மாமா கேட்டதாகச் சொல்கிறாரே அதுவா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியவில்லை. கையை நெஞ்சில் வைத்தேன். வைக்கக் கூடாதுதான்.

சந்தேகத்தின் காதுகள் முன்னால் வந்தன. என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி எனக்குப் பின்னால், இடது பக்கம், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. கைச்சைகையைக் காட்டிவிட்டதால் கேரட்டைக் கொடுத்தேன்.

இந்தக் கதையை இதற்கு மேல் என்னால் முடிக்க முடியாது. ஆறாம் பகுதியில் அடைப்புக்குறி அப்படியே இருக்கிறது. நிரப்புவதா விடுவதா என்பது இனி உங்கள் நாக்கின் பாடு.

அக்கா இறந்துவிட்டாள். மாமா அந்த வீட்டிலேயே இருக்கிறார்; தவளை அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது, துருவேறியதால் அமுக்கினால் கத்துவதில்லை. சித்திக்கு மூட்டு வலி, வெளியே போவதில்லை. முதலாளி பள்ளியை விற்றுவிட்டார். அந்த இடத்தில் இப்போது கிடங்கு இருக்கிறது. நான் மெய்ப்புத் திருத்துகிறேன். சந்தேகம் அந்தப் பெண்ணிடமே இருக்கிறது. அவள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். கூப்பிட்டால் வருகிறதாம். காதைத் தொட விடுகிறதாம்.